பிபிசியே பார்க்காத எனக்கு எதற்குக் கோர்ட் நோட்டீஸ்?

கேள்வி: அக்கா, நாங்கள் நாகர்கோவில் பக்கம். 2023-ல் கேர் ஒர்க்கர் விசாவில் வந்து லெஸ்டரில் இருக்கிறோம். எனக்கு முதியோர் இல்லத்தில் நைட் ஷிப்ட், கணவருக்கு வேர்ஹவுஸ் வேலை. போன கோடையில் மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தார். அவருக்காகத்தான் தமிழ் சேனல் வரும் பாக்ஸே வாங்கினோம். ஒருநாள் நைட் முடித்துத் தூங்கி எழுந்த நேரம், மத்தியானம் மூன்றரை மணி இருக்கும், கதவு தட்டும் சத்தம். டிவி லைசென்ஸ் ஆபீஸர் என்று அட்டையைக் காட்டினார். போலீஸ் மாதிரி என்று பயந்து உள்ளே விட்டேன். ஹாலில் மாமியார் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். "இது லைவா?" என்றார். ஆமாம், எங்கள் ஊர் சேனல் என்றேன். ஏதோ எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். இப்போது என் பெயருக்குக் கோர்ட் நோட்டீஸ் வந்திருக்கிறது. இங்கே டிவி பார்க்க வீட்டுக்கு வருடாவருடம் லைசென்ஸ் கட்டணம் கட்ட வேண்டுமாம், அது பிபிசிக்குப் போகுமாம். நாங்கள் பிபிசி பார்ப்பதே இல்லை. அவர்களுக்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும்? லண்டனில் இருக்கும் அண்ணன், "கிழித்துப் போடு, ஒன்றும் செய்ய மாட்டார்கள்" என்கிறார். ஜெர்மனியில் இருக்கும் கொழுந்தனார், அங்கே இப்படி யாரும் வந்து கதவைத் தட்டுவதில்லை என்கிறார். ஜெயிலில் போடுவார்களா? ஐஎல்ஆர், அதாவது நிரந்தரமாகத் தங்கும் அனுமதி, கிடைக்காமல் போய்விடுமா? மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் பெண்ணும் தனியாகக் கட்ட வேண்டுமா? கதவைத் திறந்தது நான் என்பதற்காக என் பெயரில் மட்டும் வழக்கா? தூக்கமே இல்லை அக்கா.

லெஸ்டர் வாசகி

பதில்:

தங்கச்சி, ஜெயில் இல்லை. முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள். லைசென்ஸ் இல்லாமல் டிவி பார்த்த குற்றத்துக்குச் சட்டத்தில் சிறைத்தண்டனையே கிடையாது. அபராதம்தான், அதுவும் அதிகபட்சம் 1,000 பவுண்டு. உங்களைப் போன்ற வருமானக்காரர்களுக்குப் பொதுவாக அதைவிட ரொம்பக் குறைவு. கோர்ட் விதித்த அபராதத்தை, கையில் பணம் இருந்தும் வேண்டுமென்றே கட்டாமல் இழுத்தடிப்பவருக்குத்தான் ஜெயில் என்ற பேச்சே வரும். நோட்டீஸைக் கிழித்துப் போடுவது அந்தப் பக்கம் போகிற வழி. கிழிக்காமல் எனக்கு எழுதினீர்களே, அதுவே பாதி வேலை.

நான் கிழக்கு லண்டனில் கடன் ஆலோசகராக இருக்கிறேன். கரண்ட் பில், வாடகை பாக்கி, கவுன்சில் டாக்ஸ் என்று வருகிறவர்களின் பிளாஸ்டிக் பையைக் கொட்டினால் அடியில் இந்த டிவி லைசென்ஸ் கடிதங்கள் கிடக்கும். பாதி பிரிக்கப்பட்டிருக்காது. கவரின் மேல் பெயர் இருக்காது, 'லீகல் ஆக்குபையர்', அதாவது சட்டப்படி குடியிருப்பவர், என்று மட்டும் இருக்கும். உள்ளே கொட்டை எழுத்தில், "உங்கள் முகவரியில் விசாரணை தொடங்கியிருக்கிறது" என்கிற மாதிரி ஒரு வரி. மாதாமாதம் அதையே பார்த்துப் பார்த்து நம் ஆட்களுக்கு மரத்துப்போகிறது. "அது சும்மா மிரட்டல் லெட்டர்" என்று ஒதுக்கிப் பழகிவிடுகிறார்கள். அப்புறம் ஒருநாள் அதே பழக்கத்தில் உண்மையான கோர்ட் நோட்டீஸும் அந்தப் பைக்குள் போய்விடுகிறது. உங்கள் அண்ணன் சொன்னது அந்தப் பெயரில்லாத கடிதங்களுக்கு ஓரளவு பொருந்தும், ஏனென்றால் அவற்றுக்குப் பதில் போட வேண்டும் என்று சட்டம் இல்லை. உங்கள் கையில் இருப்பது வேறு. அதில் உங்கள் பெயர் இருக்கிறது, வழக்கு எண் இருக்கிறது. அதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் நீங்கள் இல்லாமலே தீர்ப்பு எழுதிவிடுவார்கள்.

இனி, பிபிசியே பார்க்காத நீங்கள் ஏன் கட்ட வேண்டும் என்ற கேள்வி. என்னிடம் வரும் பத்துப் பேரில் ஒன்பது பேர் இதைத்தான் கேட்கிறார்கள். பெயர் பிபிசி கட்டணம் என்று ஊரில் வழங்கினாலும், சட்டம் கேட்பது பிபிசி பார்க்கிறீர்களா என்பதை அல்ல. எந்த சேனலாக இருந்தாலும், ஒளிபரப்பாகிற அதே நேரத்தில் பார்க்கிறீர்களா, அல்லது பதிவு செய்கிறீர்களா என்பதுதான் கேள்வி. 2003-ம் ஆண்டு கம்யூனிகேஷன்ஸ் சட்டமும் அடுத்த வருடம் வந்த விதிகளும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. சென்னையிலிருந்து வரும் சேனலும் அதில் அடங்கும். டிவி, லேப்டாப், போன், பாக்ஸ் எதில் பார்த்தாலும் ஒன்றுதான். இதற்கு மேல், பிபிசியின் இணைய வீடியோ சேவையான ஐபிளேயரில் எதைப் பார்த்தாலும், பழைய நிகழ்ச்சியாக இருந்தாலும், 2016 செப்டம்பர் 1 முதல் லைசென்ஸ் வேண்டும்.

உங்கள் வீட்டு ஹாலையே எடுத்துக்கொள்வோம். கோடையில் இந்தியாவுக்கும் நமக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். அங்கே இரவு எட்டு மணிக்கு ஓடும் சீரியல் இங்கே மத்தியானம் மூன்றரைக்கு. உங்கள் மாமியார் பார்த்துக்கொண்டிருந்தது நாகர்கோவிலில் அவருடைய பக்கத்து வீட்டுக்காரரும் அதே நிமிடம் பார்த்துக்கொண்டிருந்த எபிசோட் என்றால், அது லைவ், லைசென்ஸ் வேண்டும். அதே எபிசோடை மறுநாள் காலையில் சேனலின் ஆப்பிலோ யூடியூபிலோ போட்டுப் பார்த்தால் லைசென்ஸ் வேண்டாம். சீரியல் ஒன்று, சோபா ஒன்று, டிவியும் ஒன்று. ஆனால் மத்தியானம் பார்த்தால் குற்றம், மறுநாள் காலையில் பார்த்தால் குற்றமில்லை. நெட்ஃபிளிக்ஸில் படம் பார்க்க லைசென்ஸ் வேண்டாம், அதே நெட்ஃபிளிக்ஸில் நேரலையாக வரும் விளையாட்டுக்கு வேண்டும். ஐபிஎல் மேட்சை நேரலையில் பார்க்கிற வீடுகள் எல்லாம் இதில் வரும். எத்தனை வீட்டில் இது தெரியும் என்று நினைக்கிறீர்கள்? இந்த நாட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கே தெளிவாகத் தெரியாது. கேர் ஹோமில் இரவெல்லாம் நின்றுவிட்டு வருகிற உங்களுக்குத் தெரியாமல் போனதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதனால் நோட்டீஸுக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். அந்த பாக்ஸை ஆன் செய்து, அன்றைக்கு ஓடியது உண்மையிலேயே லைவ் சேனலா, அல்லது முந்தைய நாள் எபிசோடைப் போட்டிருந்தாரா என்று மாமியாரிடம் போனில் கேளுங்கள். சில பாக்ஸ்களில், முன்பே ஒளிபரப்பானதைப் பார்க்கும் கேட்ச்-அப் பக்கமும் லைவ் பக்கமும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். பதற்றத்தில் ஆபீஸரிடம் "ஆமாம், லைவ்" என்று சொல்லிவிட்டு, பிறகு அது முதல் நாள் எபிசோட் என்று கண்டுபிடித்த ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். உங்கள் விஷயமும் அப்படி என்றால் குற்றத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் இருக்கும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை மையத்திலோ வக்கீலிடமோ காட்டிவிட்டு, குற்றவாளி இல்லை என்று எழுதுங்கள். அப்போது கோர்ட்டில் விசாரணை நடக்கும், நீங்கள் போக வேண்டியிருக்கும். அந்த பாக்ஸைப் பற்றி இன்னொன்று: சந்தையில் மலிவாக விற்கிற பாக்ஸ் பல, சேனல்களைத் திருடித் தருகிறவை. லைசென்ஸ் வாங்கினாலும் அந்தத் தப்பு சரியாகாது. உங்களுடையது முறையான நிறுவனம் தருவதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்று ஓடியது லைவ்தான் என்றால், நோட்டீஸை எப்படிக் கையாள்வது என்று சொல்கிறேன். இதை மெதுவாகப் படியுங்கள்.

வந்திருப்பது 'சிங்கிள் ஜஸ்டிஸ் புரொசீஜர்' நோட்டீஸ். 2015-ல் வந்த முறை. திறந்த கோர்ட்டில் யாரையும் நிற்க வைக்காமல், ஒரே ஒரு மாஜிஸ்திரேட், ஒரு சட்ட ஆலோசகரை வைத்துக்கொண்டு, காகிதத்தைப் பார்த்தே முடிவு செய்வார். அந்த அறையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். உங்கள் குரலாக அங்கே போகப்போவது நீங்கள் எழுதும் காகிதம் மட்டும்தான். பதில் சொல்ல 21 நாள். ஆன்லைனிலும் சொல்லலாம், தபாலிலும் அனுப்பலாம்.

குற்றத்தை ஒப்புக்கொண்டால், முதலிலேயே ஒப்புக்கொண்டதற்காக அபராதத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை குறையும். வருமானப் படிவத்தைக் கட்டாயம் நிரப்புங்கள். அபராதத்தை உங்கள் வார வருமானத்தை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். நீங்கள் எழுதாவிட்டால் கோர்ட்டே ஒரு தொகையை உங்கள் வருமானமாக வைத்துக்கொள்ளும். குறைந்த சம்பளக்காரருக்கு அது பெரும்பாலும் நஷ்டம். வாடகை, ஊருக்கு அனுப்புகிற பணம், விசா செலவுக்காக வாங்கிய கடன் எல்லாவற்றையும் எழுதுங்கள். அபராதத்தோடு சர்சார்ஜ் என்று ஒரு தொகையும் வழக்குச் செலவும் சேரும். மொத்தத்தையும் தவணையில் கட்டக் கேட்கலாம்.

'குறைக்கக் கோரும் காரணங்கள்' என்று ஒரு கட்டம் இருக்கும். நம் ஆட்கள் அதில் "ஸாரி" என்று மட்டும் எழுதிவிட்டு வருவார்கள். அங்கேதான் முழுக் கதையையும் எழுத வேண்டும். மாமியார் வந்த பிறகுதான் பாக்ஸ் வாங்கியது, அது எத்தனை மாதம் என்பது. ஆறு மாதத்துக்கு உட்பட்டதா, அதற்கு மேலா என்பதைப் பார்க்கச் சொல்லி மாஜிஸ்திரேட்டுகளுக்கான வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. வெளிநாட்டு சேனலுக்கு லைசென்ஸ் வேண்டும் என்று தெரியாதது. வந்தவரைப் பார்த்ததும் உள்ளே விட்டு, கேட்டதற்கெல்லாம் ஒளிக்காமல் பதில் சொன்னது. அப்புறம் முக்கியமான ஒன்று: உடனே லைசென்ஸ் எடுத்தீர்களா என்பதும் அந்த வழிகாட்டுதலில் உங்களுக்குச் சாதகமான ஓர் அம்சம். வீட்டில் லைவ் சேனல் தொடரப்போகிறது என்றால் இன்றைக்கே எடுத்து, அந்த எண்ணையும் கட்டத்தில் குறிப்பிடுங்கள். மாமியார் ஊர் திரும்பிவிட்டார், இனி லைவே பார்க்கப் போவதில்லை, பாக்ஸை நிறுத்திவிட்டோம் என்றால் அதை எழுதுங்கள். எது உண்மையோ அதை மட்டும்.

அதே கடிதத்தின் ஒரு நகலை வழக்கு போட்ட தரப்புக்கும், அதாவது நோட்டீஸில் இருக்கும் டிவி லைசென்சிங் முகவரிக்கும், தனியாக அனுப்புங்கள். இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இந்த முறையில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு: நீங்கள் கோர்ட்டுக்கு எழுதுகிற விளக்கத்தை வழக்கு போட்டவர்கள் பல நேரம் பார்ப்பதே இல்லை. நோயாளி, மனநிலை சரியில்லாதவர், துக்க வீட்டுக்காரர் என்று தெரிந்திருந்தால் அவர்களே வழக்கை விலக்கியிருக்கக்கூடிய ஆட்களுக்குக்கூட, யாரும் அந்தக் கடிதத்தைப் படிக்காததால் தண்டனை எழுதப்பட்டிருக்கிறது. 2024-ல் மாஜிஸ்திரேட்டுகளின் சங்கமே இதைத் திருத்தச் சொல்லிக் குரல் கொடுத்தது. தீர்ப்பு எழுதுகிறவர்களே எழுதும்போது மனசு ஒப்பவில்லை என்கிறார்கள் என்றால் வேறென்ன வேண்டும்? அதனால் நகலை நீங்களே அனுப்பி, இந்த வழக்கைத் தொடர வேண்டுமா என்று யோசிக்கச் சொல்லிக் கேளுங்கள். விலக்கியே தீருவார்கள் என்று நான் வாக்குத் தர முடியாது. கேட்டு விலகிய வழக்குகள் உண்டு.

ஏற்கெனவே கிழித்துப் போட்டுவிட்ட வாசகர் யாராவது இதைப் படித்தால்: உங்களுக்குத் தெரியாமலே தண்டனை ஆகியிருந்தால், தெரிய வந்த 21 நாளுக்குள் கோர்ட்டில் 'ஸ்டாட்யூட்டரி டிக்ளரேஷன்' என்ற உறுதிமொழி கொடுத்து வழக்கை முதலிலிருந்து தொடங்க வைக்கலாம். நோட்டீஸ் கைக்கு வரவே இல்லை என்றால் மட்டும்தான். வந்ததைப் படித்துவிட்டுப் பையில் போட்டவர்கள் பொய் உறுதிமொழி கொடுக்காதீர்கள், அது இதைவிடப் பெரிய குற்றம்.

ஐஎல்ஆர் பற்றி. இதற்கு வாட்ஸ்அப் குழுவில் பதில் தேடாதீர்கள், தங்கச்சி. தண்டனையானால், விண்ணப்பத்தில் கேட்கும் இடத்தில் அதைச் சொல்ல வேண்டும். சின்ன அபராதம்தானே என்று மறைத்தால், அபராதத்தைவிட மறைத்ததுதான் உங்களைக் கவிழ்க்கும். உங்கள் விண்ணப்பத்துக்கு இது எந்த அளவு எடை என்பதை, பதிவு பெற்ற குடிவரவு ஆலோசகர் ஒருவரிடம், நோட்டீஸையும் உங்கள் விசாத் தாளையும் காட்டிக் கேளுங்கள். நான் கடன் ஆலோசகர், அந்தப் பதிலை நான் சொல்லக் கூடாது. ஆனால் அந்தச் சந்திப்பை நோட்டீஸுக்குப் பதில் போடுவதற்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

மாடி அறைப் பெண் விஷயம் சுலபம். அவர் வீட்டுச் சொந்தக்காரரோடு தனி வாடகை ஒப்பந்தம் போட்டிருந்தால், தன் அறையில் லைவ் பார்க்கத் தனி லைசென்ஸ் வேண்டும். எல்லோரும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால் வீட்டுக்கு ஒன்று போதும்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். கதவைத் திறந்ததற்காக என் பெயரா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதும்போது கோபத்தில் எழுதியிருப்பீர்கள், ஆனால் இந்த நாட்டில் இந்தச் சட்டத்தைப் பற்றி எழுந்த கேள்விகளிலேயே நியாயமானது அதுதான். டிவி லைசென்ஸ் வழக்கில் தண்டனை பெறுகிறவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் பெண்கள். லைசென்ஸ் ஆள் பேருக்கு இல்லை, வீட்டுக்கு. அப்படியிருக்க வழக்கு மட்டும் ஆள் பேரில், அதுவும் ஆபீஸர் வந்த நேரத்தில் யார் கதவைத் திறந்து பேசினாரோ அவர் பேரில். பிபிசியே ஏற்பாடு செய்த ஆய்வு ஒன்று 2023-ல் வந்தது. பெண்களைக் குறிவைத்துப் பிடிக்கவில்லை, பகலில் வீட்டில் இருப்பதும் கதவைத் திறப்பதும் தனியாகக் குடும்பம் நடத்துவதும் பெண்கள்தான் அதிகம் என்பதே காரணம் என்று அது சொன்னது. சரி, காரணம் அதுவே என்று வைத்துக்கொள்வோம். குறிவைக்காமலே முக்கால்வாசிப் பெண்கள் மேல் விழுகிற ஒரு சட்டத்தை அப்படியே வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து அழுதவர்களில் ஆண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கிறேன், ஒரு கை விரல் போதும்.

இது கிரிமினல் குற்றமாக இருக்க வேண்டுமா என்று அரசாங்கமே இரண்டு முறை யோசித்தது. 2015-ல் டேவிட் பெர்ரி என்ற மூத்த வழக்கறிஞரை வைத்து ஆராய்ந்தார்கள். இப்போதைய கட்டண முறை இருக்கும்வரை இப்படியே இருக்கட்டும் என்றார். 2020-ல் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். 2021 ஜனவரியில், இப்போதைக்கு மாற்றவில்லை என்று சொல்லிவிட்டார்கள். குற்றம் இல்லை என்று ஆக்கினால் நிறையப் பேர் கட்டாமல் விட்டுவிடுவார்கள் என்ற பயம். தண்ணீர் பில் கட்டாவிட்டால் சிவில் கடனாக வசூலிக்கிறார்கள். அதே வழியை டிவிக்கும் வைக்கலாம் என்பதுதான் என் எண்ணம். வசூல் கொஞ்சம் குறையும் என்பதற்காக ஒரு நர்ஸையும் கேர் ஒர்க்கரையும் கிரிமினல் கோர்ட்டில் நிறுத்துவது அளவுக்கு மீறியது.

ஆனால் இதையும் கேளுங்கள். நான் பிபிசிக்கு எதிரி இல்லை. என் அப்பா தூத்துக்குடியில் ரேடியோ லைசென்ஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வருஷத்துக்கு ஒருமுறை போஸ்ட் ஆபீஸுக்குப் போவார். அங்கே ஸ்டாம்ப் ஒட்டி முத்திரை குத்தித் தருவார்கள். இந்தியாவிலும் ஒரு காலத்தில் ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் கட்டினோம் என்பது உங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரியாது. அந்த ரேடியோவில் அவர் ராத்திரி கேட்டது பிபிசியின் தமிழோசை. சிற்றலை இரைச்சலுக்கு நடுவே ஊசியை ஒரு நூல் அளவு நகர்த்தி, குரல் தெளிந்ததும் வீட்டில் எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்வார். இலங்கையில் என்ன நடக்கிறது என்று எங்கள் தெருவுக்கு அதில்தான் முதலில் தெரியும். 1941-ல் தொடங்கிய அந்தத் தமிழ்ச் சேவையின் சிற்றலை ஒலிபரப்பு 2017-ல் நின்றது, இணையத்தில் தொடர்கிறது. அந்தக் காலத்தில், தமிழோசையும் அடங்கிய பிபிசியின் உலக சேவைக்குப் பணம் கொடுத்தது பிரிட்டிஷ் வெளியுறவுத் துறை. 2014-லிருந்து அதில் பெரும்பகுதி லைசென்ஸ் பணத்திலிருந்து போகிறது. அதாவது லெஸ்டரிலும் ஈஸ்ட் ஹாமிலும் கட்டுகிற பணத்தில் ஒரு துளி, நாகர்கோவிலில் யாரோ தமிழில் செய்தி படிக்கவும் போகிறது. விளம்பரதாரரையும் ஆளும் கட்சியையும் நம்பியிராத செய்தி நிறுவனம் ஒன்று வேண்டும் என்றால் யாராவது அதற்குக் காசு கொடுக்கத்தான் வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் கோபம் வசூலிக்கிற விதத்தின் மேல்தான். 2025 ஏப்ரலில் லைசென்ஸ் கட்டணம் வருடத்துக்கு 174.50 பவுண்டு ஆனது. மில்லியன் கணக்கில் சம்பாதிப்பவருக்கும் மணிக்கூலிக்காரருக்கும் ஒரே தொகை. வருமானம் குறைவு என்பதற்காக மட்டும் ஒரு பென்னி தள்ளுபடி கிடையாது. கண்பார்வை கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பாதிக் கட்டணம். 75 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 2000-லிருந்து இலவசமாக இருந்தது, அரசு கொடுத்தது. 2015-ல் அந்தச் சுமையைப் பிபிசியின் தலையில் தள்ளிவிட்டார்கள். 2020 ஆகஸ்ட் முதல், அவர்களிலும் பென்ஷன் கிரெடிட், அதாவது வருமானம் குறைந்த முதியவர்களுக்கான அரசு உதவித்தொகை, வாங்குபவர்களுக்கு மட்டும் இலவசம். பென்ஷன் கிரெடிட்டுக்குத் தகுதி இருந்தும் விண்ணப்பிக்காத முதியவர்கள் நம் சமூகத்தில் நிறைய. உங்கள் கேர் ஹோமுக்கு வந்து போகிற குடும்பங்களிடம் இதைச் சொல்லுங்கள். லைசென்ஸ் மட்டுமல்ல, வேறு சலுகைகளும் அதோடு சேர்ந்து வரும்.

உங்கள் கொழுந்தனார் சொன்னது சரிதான். ஜெர்மனியில் 2013-லிருந்து, டிவி இருக்கிறதா, என்ன பார்க்கிறீர்கள் என்ற கேள்வியே இல்லாமல் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே கட்டணம்; 2021-லிருந்து மாதம் 18.36 யூரோ. அதனால் கதவு தட்ட ஆள் தேவையில்லை. ஆனால் டிவியே இல்லாதவரும் கட்டுகிறார், கட்டாவிட்டால் சம்பளத்திலோ வங்கிக் கணக்கிலோ கை வைக்கிறார்கள், எனவே அங்கேயும் முணுமுணுப்பு உண்டு. பிரான்ஸ் 2022-ல் தன் டிவி கட்டணத்தையே எடுத்துவிட்டு, அரசின் வரிப்பணத்திலிருந்து கொடுக்கிறது. அப்போது பட்ஜெட் போடுகிற கையே செய்தி நிறுவனத்தின் குரல்வளையிலும் இருக்குமே என்று அங்கே பயப்படுகிறார்கள். இங்கே பிபிசி எதன்படி இயங்குகிறதோ அந்த இப்போதைய அரச சாசனம் 2027 டிசம்பரோடு முடிகிறது. அதற்குள் பணத்துக்கு என்ன வழி என்று முடிவு செய்தாக வேண்டும். எங்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று எழுதிக்கொடுத்த வீடுகளே 30 லட்சத்துக்கு மேல். நீங்கள் இங்கே வாக்களிக்கும் உரிமை உள்ள காமன்வெல்த் நாட்டுக்காரர், தங்கச்சி. இந்தியக் குடிமக்கள் இங்கே பதிவு செய்துகொண்டு பொதுத் தேர்தலில் ஓட்டுப் போடலாம் என்பதே நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. உங்கள் தொகுதி எம்பிக்கு, உங்கள் வீட்டில் நடந்ததை அப்படியே எழுதுங்கள். எனக்கு எழுதிய அந்தக் கடிதமே போதும், மொழி மாற்றினால் சரி.

இனி யாராவது வந்து கதவைத் தட்டினால் என்ன செய்வது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். வருகிறவர் போலீஸ் இல்லை. பிபிசிக்காக ஒப்பந்த நிறுவனம் அனுப்பும் ஊழியர். கோர்ட் கொடுத்த சோதனை வாரண்ட் இல்லாமல் உங்கள் வாசற்படியைத் தாண்ட அவருக்கு உரிமையில்லை. கேள்விகளுக்குப் பதில் சொல்லவோ, அவர் எழுதிய தாளில் கையெழுத்துப் போடவோ உங்களுக்குக் கட்டாயமில்லை. அவரும் கூலிக்கு வேலை பார்க்கிறவர்தான், சத்தம் போட வேண்டாம். "இப்போது பேச முடியாது, எழுதி அனுப்புங்கள்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினால் போதும். இந்த இரண்டு வரியை ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். அடுத்த முறை மாமியார் வரும்போது நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தால் அவர் திறக்காமல் இருக்கவும் சொல்லி வையுங்கள்.

லைசென்ஸ் எடுப்பதா வேண்டாமா என்பதை இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். லைவ் வேண்டும் என்றால் மாதத் தவணையிலோ, பேமென்ட் கார்டில் வாராவாரமோ கட்டலாம். வேண்டாம் என்றால் லைவ் சேனலையும் ஐபிளேயரையும் எல்லா போனிலிருந்தும் டிவியிலிருந்தும் எடுத்துவிட்டு, தேவையில்லை என்று டிவி லைசென்சிங்குக்குத் தெரிவியுங்கள். சரிபார்க்க ஆள் வரக்கூடும், கதவுக்குப் பின்னால் இருக்கும் தாளைப் பார்த்து அதையே சொல்லுங்கள்.

நோட்டீஸ் எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது என்று நீங்கள் எழுதவில்லை. முதல் பக்கத்தின் மேலே இருக்கும். அந்தத் தேதியிலிருந்து 21 நாளை எண்ணி, காலண்டரில் வட்டம் போட்டு, அதற்கு நாலு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். தபாலில் அனுப்பினால் ரசீது வாங்குங்கள், அனுப்பும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுங்கள். இந்த வாரம் நைட் ஷிப்ட் இல்லாத நாள் எது?